பக்குவமாச் சொல்லிடு

அக்டோபர் 6, திங்கள்

அத்தை பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். கிளம்புவது வெள்ளிக்கிழமை. மூன்று நாள் விடுமுறைக்கு ஒரு மர வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவுதான். அவர் கட்டுவதைப் பார்த்தால் இனித் திரும்பவே மாட்டோம் போலிருக்கிறது. கம்பளிகள், வெந்நீர்ப் பை, இரண்டு டார்ச் லைட், மகனுக்கென்று தனியாக ஒரு தலையணை. "அவனுக்கு வேற தலையணையில தூக்கம் வராது." நாற்பத்திரண்டு வயது ஆளைப் பற்றித்தான் சொல்கிறார்.

இந்தப் பயணமே அத்தையின் யோசனை. "ஆளுக்கொரு மூலையா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். நாலு பேருமா எங்கயாவது போயிட்டு வரலாம்" என்று ஒரு மாதமாக நச்சரித்தார். என் மாமியார் இதுவரை எங்கேயும் போகலாம் என்று வாய்விட்டுக் கேட்டவரில்லை. அதனால்தான் மறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற நர்ஸ் சொன்ன இடம். ஒரு சின்ன ஊரைத் தாண்டி, ஆற்றோரம், மரங்களுக்கு நடுவே.

மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இடது கண் போன பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. "வழி எனக்குத் தெரியும்" என்கிறார். அந்தப் பக்கமே அவர் போனதில்லை.

எக்ஸ்ரே அறையில் இன்று கூட்டம். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து காய்கறிப் பையை என் கணவரிடம் நீட்டி, "பிடிங்க... விடுங்க" என்றேன். கல்யாணமான புதிதில் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார். இன்று போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பையை வாங்கி வைத்தார்.

வேலை அதிகம் போல.


அக்டோபர் 8, புதன்

சொல்லிவிட்டார்.

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன்மேல் சாய்ந்து நின்று ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டை. கதவருகே வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை நான் வரல."

"வேலையா?"

"இல்ல. நான்... வீட்டை விட்டுப் போறேன்."

ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். "உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பு என் மேல் இல்லையென்றால் தண்டனை மட்டும் ஏன் எனக்கு? அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஊசியை எங்கே குத்தி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மெஷின் நின்று கீச்கீச்சென்று கத்தியது. "துணி முடிஞ்சிடுச்சு" என்றார். இத்தனை வருடத்தில் அதை அவர் கவனித்துச் சொன்னது இன்றுதான்.

பிறகு, போகிற போக்கில்: "அப்பா அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. நான் சொன்னா அப்பா தாங்க மாட்டார். அவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு உனக்குத்தான் தெரியும்."

அதாவது — என்னை விட்டுப் போகிறவன், போகிற செய்தியையும் என் வாயாலேயே சொல்லச் சொல்கிறான். அவன் அப்பாவிடம். அவன் அம்மாவிடம்.

அவன் என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

பக்கத்து அறையில் மாமா வழக்கம்போல டிவி செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் இங்கே வந்த இந்த நாலு வருடத்தில் எனக்கு வீடு என்றால் அந்தச் சத்தம்தான். இவன் போனால் அவர்கள் எனக்கு யார்?


அக்டோபர் 9, வியாழன்

காலையில் பையோடு கிளம்பினான். மாமாவிடம் "ஆபீஸ் வேலையா வெளியூர்ப்பா" என்றான். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்?


அக்டோபர் 10, வெள்ளி. மர வீடு

போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அவன் வேலையை முடிச்சுட்டு நேரா அங்க வந்துடுவான். நீ வண்டியை எடும்மா."

எடுத்தேன்.

மாமா முன் சீட்டில். நான் ஓட்டினால் அவர் வலது கால் சும்மா இருக்காது. வளைவு வந்தால் தரையை அழுத்துவார், லாரி வந்தால் இன்னும் பலமாக. "அங்க பிரேக் இல்லைங்க" என்று பின்னாலிருந்து அத்தை. "பழக்கம்டி." வழக்கமாக நாங்கள் சிரிக்கிற இடம். இன்றும் சிரித்தேன். முகம் தானாகச் சிரித்துக்கொள்கிறது, எனக்கு அதில் வேலையே இல்லை.

சின்ன ஊர்தான். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேக்கரி, முடிவெட்டுகிற கடை, ஆணி பெயிண்ட் விற்கிற கடை. விடுமுறைக்குப் பாதி ஷட்டர் இறங்கிவிட்டது. அதைத் தாண்டி ஒரு பாலம், அப்புறம் சேறு. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு காத்திருந்தார். அத்தை அவருக்கு உடனே சாவிக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார். அவர் எங்களை வரவேற்றதே, "விறகு நாளைக்கு ஒரு கூடைதான். கதவை இழுத்துச் சாத்தினாத்தான் சாத்தும். போன் இங்க எடுக்காது, ஊருக்குள்ள போகணும்" என்றுதான்.

போன் எடுக்காது என்றதும் எனக்கு ஒரு நிம்மதி. அத்தையின் முகம் விழுந்துவிட்டது. கவனித்தேன். மகனுடன் தினமும் பேசாமல் இருக்க முடியாதவர், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓர் அறை, ஒரு கூடம், இரும்பு அடுப்பு, ஏணி ஏறினால் மேல்தட்டில் இரண்டு பேர் படுக்கிற மெத்தை. ஏற முடியாத அத்தை கீழே நின்றபடி தலையணையை மேலே வீசினார். "அவன் பக்கத்துல போட்டு வை."

போட்டு வைத்தேன்.


அக்டோபர் 11, சனி

மழை. ஆற்றைப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் ஜன்னலில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அத்தை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தை" என்றேன். "ம்?" "கத்தி மொக்கையா இருக்கே, நான் சீவட்டுமா?" — இதுதான் என் பக்குவம்.

சாவிக்காரம்மா விறகோடு வந்தார். அடுப்பை எப்படிப் பற்ற வைக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தார். பிறகு என்னைக் காட்டி, "உங்க பொண்ணா?" அத்தை சட்டென்று, "பொண்ணு மாதிரிதான்." "மாப்பிள்ளை வரலையா?" "வருவான். இன்னைக்கு வந்துடுவான்." அவ்வளவு உறுதியாகச் சொன்னார். ஒரு கணம் எனக்கே அவன் வந்துவிடுவானோ என்றிருந்தது. வந்தால் என்ன செய்வேன்? தெரியவில்லை. கேவலம், வாசலில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டபோது தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். பால்காரர்.

மத்தியானம் அத்தை நாலு தட்டு வைத்தார். ஒன்றைத் திருப்பி எடுக்கவும் மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மழை கொஞ்சம் விட்டதும் மாமாவோடு பாலம் வரை நடந்தேன். இடது பக்கம் அவருக்குத் தெரியாது என்பதால் நான் எப்போதும் இடது பக்கம் நடப்பேன். ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மாமா பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் கொஞ்ச நாளா சரியில்லம்மா. என்கிட்ட சொல்ல மாட்டான். உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

இதைவிட நல்ல நேரம் அமையாது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவரே கேட்கிறார். நான் என்ன சொன்னேன்?

"வேலை டென்ஷன் மாமா."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. திரும்பி நடந்தோம்.

யாரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? மாமாவையா? அவனையா? சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். ஒருவேளை என்னையேதானோ.


அக்டோபர் 12, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி போல மாமாவைக் காணவில்லை. முன்னால் நடக்கப் போயிருப்பார் என்று அத்தை சொன்னார். வெகுநேரமாகியும் வரவில்லை. ஆறு. அந்தப் பாலம். இடது பக்கம் தெரியாத கண். நான் குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். சாவிக்காரம்மா பின்னாலேயே வந்தார், சாவிகள் குலுங்கக் குலுங்க. கரையோரம் எட்டிப் பார்த்து இரண்டு பேரும் கத்தினோம். "பெரியவரே! பெரியவரே!" என்று அவர், "மாமா!" என்று நான். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவர்தான் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "ஆத்தையே ஏன் பார்க்கறீங்க? ஊருக்குள்ள பாருங்க. வண்டியை எடுங்க."

முடிவெட்டுகிற கடையில் இருந்தார்! நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் நுரை. பாதிக் கன்னம் மழித்தாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கத்தவில்லை.

"ஷேவ் பண்ணிக்கலாம்னு வந்தேன்" என்றார்.

காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பாலத்துக்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடி நான் சடாரென்று பிரேக் போட்டேன். அவர் கால் அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈரச் சட்டையோடு கூடத்தின் நடுவில் நின்று, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "கடை போன்ல அவன்கிட்ட பேசிட்டேன். வேலை முடியலையாம். வர முடியாதாம். நம்மளை நல்லா இருந்துட்டு வரச் சொன்னான்."

அவனிடம் பேசினாரா? அவன் இன்னமும் வெளியூர்க் கதையைத்தான் சொல்கிறானா?

அத்தை அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். "அவனா சொன்னான்?"

"ஆமா."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அது வராது."

மாமா அடுப்புப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார். "பொம்பளை ஒருத்தி எடுத்தா" என்றார். "குளிக்கிறார், யாரு பேசறதுன்னு கேட்டா. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன். என் புள்ளையோட நம்பர், எனக்கு ராங் நம்பர்." பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. "உனக்குத் தெரிய வேணாம்னுதாம்மா."

"எனக்குத் தெரியும் மாமா. புதன்கிழமையே சொல்லிட்டார்."

"அப்புறம் ஏம்மா..."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அத்தைக்கு எப்படித் தெரியும், மாமா சொன்னது பொய்யென்று?

"நீ?" என்றார் மாமா.

தண்ணீர் கொதித்து முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அத்தை அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினார். "ஏழெட்டு மாசமா" என்றார்.

பின்பக்கம் துணி எடுக்கப் போய் அரை மணி நேரம் வராமல் இருப்பாரே. மகனோடு பேசியிருக்கிறார். "விட்டுடுடா, விட்டுடுடா" என்று கெஞ்சியிருக்கிறார். அவள் வீட்டுக்குக்கூட ஒரு தடவை போயிருக்கிறார். எப்போது என்று கேட்டேன். முட்டிக்கு டாக்டரிடம் காட்ட அவன் அழைத்துப்போனானே, அன்றைக்கு. அம்மாவுக்காக லீவு போட்டிருக்கிறான் என்று அன்று நான் ஆஸ்பத்திரியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"சொன்னா வீடு உடைஞ்சிடும். சொல்லாம இருந்தா, இவளும் ஆசையா இருந்தா, அவனே திரும்பி வந்துடுவான்னு நெனச்சேன். அதுக்குத்தான் இங்க வரலாம்னேன். பெத்தவ வேற என்னத்தை நினைப்பேன்?"

இவளும் ஆசையா இருந்தா. அந்த வார்த்தையில்தான் எனக்கு உடைந்தது. அவன் சொன்னபோதுகூட இப்படி இல்லை. ஏழெட்டு மாசம் என் தோளைப் பிடித்துப் படி இறங்கியவர். நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா" என்று சொன்னவர். எல்லாம் தெரிந்துகொண்டு! நான் புதுச் சேலை எடுத்து அவன் முன்னால் நின்று காட்டியபோது இவரும் அங்கேதானே இருந்தார். பார்த்தாரே. பாவம் என்று நினைத்தாரா? முட்டாள் என்று நினைத்தாரா?

எதையும் கேட்கவில்லை. காரில் போய் உட்கார்ந்து ஒரு பாக்கெட் பிஸ்கெட் முழுவதையும் தின்றேன். ஏன் தின்றேன் என்று தெரியாது. பசியில்லை.

உள்ளே மாமாவின் குரல் ஒரே ஒரு தடவை உயர்ந்தது. அப்புறம் மழைதான்.


அக்டோபர் 13, திங்கள்

காலையில் பெட்டிகளைக் கட்டினோம். சாவிக்காரம்மா எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துவிட்டு, "மிச்ச விறகைக் கொண்டுபோறீங்களா?" என்றார் என்னிடம். நேற்றைக்கு என்னோடு ஓடி வந்தவர், இது அவர் காட்டுகிற அன்பு. வேண்டாம் என்றேன்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் மாமா சொன்னார்: "வீட்டுக்கு வேணாம். அவன் இருக்கிற இடத்துக்கு ஓட்டு. உங்க அத்தைக்கு வழி தெரியும்."

"வேணாங்க" என்றார் அத்தை.

"அவன் வாயால நான் கேக்கணும். இவ ஏன் சொல்லணும்? நீ ஏன் மறைக்கணும்? அவனுக்கு வாய் இருக்குல்ல?"

என் மனதில் இருந்ததை அவர் சொன்னார். நான் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். அத்தை முனகிக்கொண்டே வழி சொன்னார். பள்ளிக்கூடத்தைத் தாண்டி வலது, மருந்துக்கடை, இடது. நல்ல மனப்பாடம்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தையால் முடியாது என்று நினைத்தேன். கைப்பிடியைப் பற்றி ஏறிவிட்டார். மணியை மாமா அடித்தார்.

அவன்தான் திறந்தான். வீட்டில் போடுகிற பழைய பனியன் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல. நீங்களே சொல்லுங்க."

"உள்ள வாங்கப்பா. உட்கார்ந்து பேசலாம்."

"இங்கயே சொல்லு."

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ப்பா."

"எனக்குத் தெரியணும். சொல்லு."

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இனிமே இங்கதான் இருக்கப் போறேன்" என்றான். அவ்வளவுதான். ஐந்து நாளாக என் தொண்டையில் மாட்டிக்கொண்டு கிடந்தது இவ்வளவு சின்ன வாக்கியமா?

மாமா அடிக்கவில்லை, திட்டவில்லை. "சரி" என்றார். படியேறிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைவிட அழகில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் முதலில் நினைத்தது அதைத்தான். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறாள். மாமாவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மாமா உட்காரவில்லை. அது கொஞ்ச நேரம் எங்கள் நடுவில் அப்படியே கிடந்தது.

அத்தை உட்கார்ந்தார்.

முட்டி வலி. ஏற முடியாமல் ஏறியிருக்கிறார். அது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் திரும்பிப் படியிறங்கிவிட்டேன். ஒரு மாடி இறங்கியதும் பின்னால் மாமாவின் செருப்புச் சத்தம். அது மட்டும்தான் வந்தது. டிக்கியிலிருந்து அத்தையின் பெட்டியை எடுத்து அவரே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"போலாம்மா."




அக்டோபர் 14, செவ்வாய்

வேலைக்குப் போனேன். "லீவு எப்படி?" என்றாள் அந்த நர்ஸ். "மழை" என்றேன்.


அக்டோபர் 18, சனி

மாமா அறையை விட்டு வருவதில்லை. டிவி போடுவதில்லை. நான் வைப்பதைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறார். கல்யாணமான காலத்திலிருந்து தட்டுக் கழுவியறியாதவர். "உனக்குப் பாரமா இருக்கேன்" என்றார். இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. "எனக்கு இப்ப எதுவும் சொல்லத் தெரியல மாமா" என்றேன்.

உண்மை அதுதான். எனக்கு ஓவென்று அழ வேண்டும். ஹாலில் மாமா, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா. இன்று ஆஸ்பத்திரியில் கதிர் படாமலிருக்கப் போடுகிற ஈய ஏப்ரன்களை மாட்டி வைக்கிற சின்ன அறையில் அழுதேன். கதவு கனமானது, சத்தம் வெளியே போகாது.

அவர் நல்லவர். இருந்தாலும் அவன் விட்டுப்போன சாமான்களில் ஒன்றாக அவரை என் தலையில் வைத்துவிட்டுப் போனமாதிரி சில நேரம் தோன்றுகிறது. யாரிடம் சொல்ல முடியும் இதை?


அக்டோபர் 24, வெள்ளி

போன் செய்தான். "அப்பாவை எப்ப அனுப்பற?" என்றான்.

"அவர் என்ன பார்சலா? வந்து கூப்பிடுங்க. வந்தா வருவார், வராட்டி இல்ல."

பத்து வருடத்தில் அவனிடம் நான் இப்படிப் பேசியதில்லை. போனை வைத்த பிறகு திரும்பினால் மாமா நிற்கிறார். கேட்டுவிட்டார். போய் டிவியைப் போட்டார்.


நவம்பர் 2, ஞாயிறு

மாமா நாலு நாளாகக் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கோ போய்வந்தார். இன்றுதான் சொன்னார். பழைய டிப்போவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் தரைத்தளம் பார்த்திருக்கிறாராம். அவரோடு வேலை பார்த்த கண்டக்டரின் வீடு. ஓர் அறை, சமையலறை, வாசலில் குழாய்.

"ஏன் மாமா? நான் போகச் சொன்னேனா?"

"நீ சொல்ல மாட்டம்மா. அதனாலதான் நானே போறேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ இன்னும் சின்னப் பொண்ணு. வீட்டுல புருஷன் இல்ல, மாமனார் மட்டும் இருக்கான்னா நாலு பேர் நாலு விதமாக் கேப்பாங்க. நீ எத்தனை பேருக்குப் பக்குவமாச் சொல்லுவ?"

தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காக இப்போது அழுதுகொண்டிருக்கிறேன்.


நவம்பர் 16, ஞாயிறு

மாமாவைக் குடியேற்றிவிட்டு வந்தேன். கட்டில், இரண்டு பாத்திரம், டிவி. போன இடத்தில் அத்தை! காலையிலேயே வந்துவிட்டாராம். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மகன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மாமா மட்டும் வெளியே வந்து முணுமுணுத்தார்: "அங்க இவளுக்கு யாரும் குறை வைக்கலையாம். விருந்தாளி மாதிரி வெச்சிருந்தாங்களாம். அதான் தாங்க முடியல போல."

நானும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை.


டிசம்பர் 9, செவ்வாய்

வக்கீலைப் பார்த்தேன். இரண்டு பேரும் சம்மதித்தால் சீக்கிரம் முடியுமாம். சம்மதம்தான்.


ஜனவரி 10, சனி

இன்று விடுப்பு. அவர்கள் இருந்த அறையை என் அறையாக மாற்றிக்கொண்டிருந்தேன். காலை வெயில் அதில்தான் வருகிறது. பீரோவை ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்குத் தள்ள வேண்டும். முதுகைக் கொடுத்துத் தள்ளினேன், அசையவில்லை. மணி அடித்தது.

அத்தை. தனியாக. கையில் ஒரு பை, நெற்றியில் வேர்வை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வந்திருக்கிறார். நான் வாங்க என்று சொன்னேனா? நினைவில்லை. கதவை விட்டு விலகி நின்றேன்.

அறையை எட்டிப் பார்த்தார். அவருடைய கட்டில் கிடந்த இடத்தில் என் புத்தகங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, "ஒருத்தியாத் தள்ளாதே, இடுப்புப் பிடிச்சுக்கும்" என்று பீரோவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

தள்ளினோம். பாதி தூரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பீரோ அறையின் நடுவில், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஆமா அத்தை."

"என் புள்ளைன்னு பார்த்துட்டேன்."

"ஆமா."

காத்திருந்தார். நான் பரவாயில்லை என்று சொல்வேன் என்று. நாலு வருடமாக அவர் எதைக் கொட்டினாலும், எதை உடைத்தாலும் பரவாயில்லை அத்தை என்று சொன்ன வாய்தான். இன்று அது வரவில்லை. வரவழைக்கவும் இல்லை. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி, உன் பக்கம் கொஞ்சம் தூக்கிக் குடு" என்றார் கடைசியில். தூக்கினேன். பீரோ சுவரோடு போய்ச் சேர்ந்தது.

டீ போட்டேன். குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. மாமாவுக்கு இருமல், இந்த மாதம் எனக்கு எந்த ஷிஃப்ட், டிப்போ பக்கம் தண்ணீர் சரியாக வருவதில்லை. இப்படி ஏதோ பேசினோம். அவனைப் பற்றி எதுவுமில்லை.

வெயில் சாயத் தொடங்கியதும் எழுந்தார். ஸ்டாப் வரை கூடப் போனேன். பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு" என்றார். அடுத்தது காலியாகத்தான் வந்தது. அவரும் நகரவில்லை, நானும் ஏறுங்கள் என்று சொல்லவில்லை. அதையும் விட்டோம்.